ஆங்கில வாசிப்பும் அன்றாட வாழ்வின் பனுவல்களும்

கற்பித்தலுக்கென எழுதப்படாமல், வேறொரு தேவைக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றை மொழிக் கல்வியாளர் இயல்புப் பனுவல்கள் என்பர். பத்திரிகைச் செய்தி, மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் தாள், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் என்பன அத்தகையவை. பாடநூற் பந்தியைப் பிழையின்றி வாசித்து விடையெழுதும் மாணவன், வளைகுடாவுக்குப் புறப்படும் வாப்பாவின் ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, காலம் எவ்வளவு என்று கண்டறிய முடியாது தடுமாறுவதுண்டு.

சாய்ந்தமருது போன்ற கரையோர ஊரில் இதற்கு மிகப் பொருத்தமான பனுவல், வளிமண்டலவியல் திணைக்களம் மும்மொழிகளிலும் வெளியிடும் கடற்பிராந்திய அறிக்கையே. அது சிறியது, நாள்தோறும் புதியது. திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என அறிந்த ஊர்ப்பெயர்களே அதில் வருகின்றன. காற்றின் திசையும் வேகமும் குறிப்பிட்ட சில தொடர்களிலேயே கூறப்படுவதால், ஒரு வாரம் வாசித்தால் அத்தொடர்கள் மனதில் பதிந்துவிடும். ஏழாம் தர மாணவன் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. "நாளை தோணி கடலுக்குப் போகலாமா?" என்ற ஒரே வினாவுக்கு விடை தேடினாற் போதும். பனுவலை இலகுபடுத்தாமல் வினாவை இலகுபடுத்துவதே இங்கு முறை. பின்னர் தமிழ் அறிக்கையுடன் ஒப்பிட்டு விடையைத் தானே சரிபார்த்துக்கொள்வான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த இக்கரையில், கடல் பற்றிய அறிவித்தலை அசட்டையாக வாசிப்போர் இரார்.

இலண்டன் பத்திரிகையொன்றின் நறுக்கும் இயல்புப் பனுவல்தான். எனினும் நம் மாணவனுக்கு அதனால் ஆவதென்ன? பனுவல் உண்மையானதாயிருப்பது வேறு, வாசகன் அதனுடன் உண்மையாக உறவாடுவது வேறு என்று ஹென்றி விடோசன் 1978இலேயே வேறுபடுத்திக் காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க நகர வாழ்க்கையைச் சொல்லும் பாடநூலைக் கற்ற மாணவர்கள், அதன் ஓரங்களில் திரைப்பட வரிகளையும் சித்திரங்களையும் தம் காலத்துப் போர்ச் சூழலையும் எழுதிவைத்திருந்ததைச் சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்மாணவர்களின் மனம் எங்கிருந்தது என்பதைப் பாடத்தைவிட அந்த ஓரங்களே காட்டின.

பரீட்சைக்கு இது உதவுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலும் அறிவித்தல்களும் விளம்பரங்களும் இடம்பெறுவதுண்டு. எனினும் வேலை ஒப்பந்தம் போன்ற கடினமான பனுவலை முதலிலேயே கொடுத்தால் பின்தங்கிய மாணவன் மிரண்டுவிடுவான். பால்மாப் பொதியின் உறையிலோ பனடோல் அட்டையிலோ தொடங்கலாம். அவை எல்லா வீட்டிலும் உள்ளன.