வறுமைக்குச் சான்று கேட்கும் விண்ணப்பம்

ஒரு நாட்டின் கல்வி யாருக்காக நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மண்டபங்களையும் நூலகங்களையும் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. அவற்றின் வாயிலை அடையுமுன் ஏழை வீட்டுப் பிள்ளை நிரப்ப வேண்டிய விண்ணப்பப் பத்திரத்தையும் வாசித்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை நிகழ்ந்தவை இதன் தேவையை நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

அந்நாட்டிலே கல்லூரிச் செலவைத் தாங்க இயலாத மாணவர், மத்திய அரசின் உதவியைப் பெறுவதற்கு ஒரு பொதுப் பத்திரத்தை நிரப்புகின்றனர். ‘பாஃப்சா’ எனச் சுருக்கமாக வழங்கும் அப்பத்திரத்திலே பெற்றோரின் வருமானம், சேமிப்பு, சொத்து, குடும்பத்தினரின் தொகை முதலியன பதியப்படும். அவற்றிலிருந்து கணிக்கப்படும் ஓர் எண்ணே மாணவருக்கு நன்கொடை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. மாநில அரசுகளும் கல்லூரிகளுட் பலவும் தத்தம் உதவியை வகுப்பதற்கு இவ்வெண்ணையே நம்பியுள்ளன. இப்பத்திரம் தாமதித்தால் யாவும் தாமதிக்கும். பத்திரத்தின் பெயரிலே ‘இலவசம்’ என்னும் சொல் உண்டு. ஆயின் இலவசமானது விண்ணப்பமே, கல்வியன்று.

வழக்கமாக ஒக்டோபர் முதலாந் திகதி திறக்கப்பட்டு வந்த இப்பத்திரம், அவ்வாண்டு டிசெம்பர் 30ஆம் திகதியே திறக்கப்பட்டது. அதுவும் முதல் நாட்களிற் சிறிது நேரம் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டிற் பிறந்தோர் பத்திரத்தை முடிக்க இயலாதவாறு ஒரு கோளாறு நேர்ந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள், தாம் அந்நாட்டுப் பிரசைகளாயிருந்தும், வாரக்கணக்கில் விண்ணப்பிக்க முடியாது தவித்தனர். விலைவாசி உயர்வுக்கேற்பக் கணக்கைத் திருத்த அதிகாரிகள் தவறியமையும் தெரிய வந்தது. அதனைத் திருத்தினால் மாணவருக்குச் சேர வேண்டிய உதவி ஏறத்தாழ 180 கோடி டொலரால் உயரும் எனக் கணிக்கப்பட்டது. கல்லூரிகளுக்கு மாணவரின் விவரங்கள் 2024 மார்ச்சு நடுப்பகுதியிலேதான் சென்று சேரத் தொடங்கின.

இவையெல்லாம் கணினியின் கோளாறு என்று கூறி நாம் அமைதி அடையலாமா? கோளாறு கணினியிலே இருந்தது உண்மையே. ஆனால் ஒரு கணினி பழுதுபட்டால் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் எதிர்காலம் ஐயத்துக்குரியதாகிவிடும் நிலை எவ்வாறு தோன்றிற்று என்னும் வினாவுக்குக் கணினி விடை கூறாது. விடையை வரலாற்றிலே தேட வேண்டும்.

அமெரிக்காவிலே இலவச உயர்கல்வி என்பது அறியப்படாத கனவன்று. நியூயோர்க் நகரிலே 1847இல் வாக்காளரின் சம்மதத்துடன் நிறுவப்பட்ட ‘இலவசக் கலாசாலை’ பின்னர் நகரப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தொழிலாளரினதும் குடியேறிகளினதும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கு கட்டணமின்றிப் பயின்றனர். இரண்டாம் உலகப் போரின் முடிவை எதிர்நோக்கி 1944இல் இயற்றப்பட்ட போர்வீரர் சட்டம், திரும்பி வந்த வீரருக்குக் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைப்படியையும் வழங்கிற்று. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அச்சட்டத்தினாற் கல்லூரிகளிற் பயின்றனர். அவர்களிடம் தகப்பனின் வருமானம் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. போர்க்களத்திற் பணிபுரிந்ததே போதுமான தகுதியாயிற்று. ஆயினும் நிறவெறி தலைவிரித்தாடிய தென்மாநிலங்களிலே கறுப்பின வீரருக்குப் பெரும்பாலான கல்லூரிகளின் கதவுகள் மூடியே இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

குடும்பத்தின் பணப்பையைத் துருவி ஆராயும் முறை வேறோரிடத்திலே தோன்றிற்று. புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் சிறந்த மாணவரைக் கவர்வதற்கு ஒன்றோடொன்று போட்டியிட்டுப் புலமைப் பரிசில்களை ஏலம் போட்ட காலம் அது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் உதவிநிதிப் பொறுப்பாளராயிருந்த ஜோன் மொன்றோ, பெற்றோர் எவ்வளவு செலுத்த இயலும் என்பதைக் கணிப்பதற்கு ஒரு சூத்திரத்தை வகுத்தார். அதனைத் தழுவி 1954இற் கல்லூரிப் புலமைப் பரிசிற் சேவை தோன்றியது. பெற்றோர் தம் வரவு செலவுகளை ‘அந்தரங்க அறிக்கை’யாக எழுதி அனுப்பினர். உதவி தேவையற்றோருக்குச் செல்லாது தேவையுள்ளோருக்குச் செல்ல வேண்டும் என்பதே மொன்றோவின் நோக்கம். அவர் நன்னோக்குடையவர் என்பதிற் சந்தேகமில்லை. 1967இல் ஹாவார்டிலே தாம் வகித்த உயர்பதவியைத் துறந்து, அலபாமாவிலுள்ள மைல்ஸ் கல்லூரி என்னும் வறிய கறுப்பினக் கல்லூரியிற் கற்பிக்கச் சென்றவர் அவர். எனினும் நல்ல மனிதர் ஒருவர் வகுத்த சூத்திரமும் அது இயங்கும் சமுதாயத்தின் இயல்பையே பெறும். கட்டணம் உயர உயர, செல்வந்தர் கல்லூரிகளின் கணக்கு நாடளாவிய மக்களின் கணக்காயிற்று.

சோவியத் யூனியன் 1957இல் ‘ஸ்புட்னிக்’கை விண்ணில் ஏவியதும் அமெரிக்க ஆளும் வட்டாரங்கள் திடுக்குற்றன. மறுஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அது மாணவருக்குக் கடன் அளித்தது. கடன் பெறுவோர் நாட்டுக்கு விசுவாசச் சத்தியம் செய்வதோடு, அரசைக் கவிழ்க்க முயலும் இயக்கங்களிலே தமக்கு நம்பிக்கை இல்லையெனப் பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டியதாயிற்று. பல கல்லூரிகள் இதனை எதிர்த்தன. பிரமாணப் பத்திர விதி 1962இல் நீக்கப்பட்டது. உதவி கேட்பவனை விசாரணைக்கு உட்படுத்தும் மனப்பான்மை அதனோடு மறைந்துவிடவில்லை.

1965 நவம்பர் 8ஆம் திகதி சனாதிபதி லிண்டன் ஜோன்சன் உயர்கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதற்கு அவர் தெரிந்த இடம், டெக்சாஸ் மாநிலத்திலே தாம் கடன்பட்டும் சிறுவேலைகள் செய்தும் பயின்ற கல்லூரியாகும். படிப்பை இடைநிறுத்திக் கொட்டுல்லா என்னும் சிற்றூரிலே மெக்சிக்க வம்சாவழி ஏழைச் சிறுவருக்குக் கற்பித்த அனுபவமும் அவருக்கு உண்டு. 1972இல் ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் முயற்சியால், ஏழை மாணவருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத அடிப்படை நன்கொடை கிடைத்தது. பின்னர் அவர் பெயரையே அது பெற்றது. அந்நன்கொடை எழுபதுகளின் நடுவில் அரசினர் கல்லூரி ஒன்றிற் பயின்று தங்கும் செலவின் முக்காற் பங்குக்கு மேல் ஈடுசெய்தது. 2024ஆம் ஆண்டளவில் அதன் உச்சத்தொகையான 7,395 டொலர், அச்செலவின் மூன்றில் ஒரு பங்களவையே ஈடுசெய்ய வல்லதாயிற்று.

இவ்வீழ்ச்சியின் பொருளை நியூயோர்க்கின் கதை தெளிவாக்கும். 1969இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர் போராடியதன் பயனாக 1970இல் நகரப் பல்கலைக்கழகத்தின் கதவுகள் அகலத் திறந்தன. அதுவரை அங்கு கால்வைக்காத வகுப்பினர் பெருந்தொகையினராய் நுழைந்தனர். 1976இல் நகரின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டிக் கட்டணம் விதிக்கப்பட்டது. 129 ஆண்டு மரபு முடிவுற்றது. ஏழைகள் உள்ளே வரத் தொடங்கிய வேளையிலே வாயிலிற் கட்டணப் பெட்டி வைக்கப்பட்டது. இதனைத் தற்செயல் என்று எண்ணுவோர் எண்ணட்டும்.

நன்கொடை தேய்ந்த இடத்தைக் கடன் நிரப்பியது. 1992இல் உயர்கல்விச் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, பற்பல பத்திரங்களுக்குப் பதிலாக இலவசமான பொதுப்பத்திரம் ஒன்று தோன்றியது. அதே சட்டம் கடனின் வாயிலையும் மேலும் அகலமாக்கியது. மத்திய அரசின் மாணவர் கடன் இன்று 1.6 இலட்சம் கோடி டொலரைத் தாண்டிவிட்டது. கடன்பட்டோர் 4 கோடிக்கு மேற்பட்டோர். பத்திரத்தின் வினாக்களோ நூற்றைக் கடந்தன. நிரப்பிய பின்னரும் வருமானத்தை மீண்டும் நிரூபிக்குமாறு அழைக்கப்பட்டோருள் வறிய குடும்பத்தினரே மிகுதியாயிருந்தனர். பணக்காரன் கட்டணத்தைச் செலுத்திவிட்டு உட்செல்கின்றான். ஏழை தான் ஏழையே என்பதற்குச் சாட்சி தேடுகின்றான்.

இச்சிக்கலைத் தீர்க்கவே 2020 டிசெம்பரிற் பத்திரத்தை எளிமையாக்கும் சட்டம் நிறைவேறியது. வினாக்கள் பெரிதும் குறைந்தன. சிலருக்குப் பதினெட்டே போதும் எனப்பட்டது. நன்கொடை பெறுவோர் தொகையும் விரிவடைய வழி பிறந்தது. இச்சீர்திருத்தத்தின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருவர் மூவர் கல்லூரியிற் பயின்றால் பழைய கணக்கு அளித்து வந்த சலுகை புதிய கணக்கில் இல்லாது போயிற்று. சீர்திருத்தத்தைச் செயற்படுத்திய முறையோ நாம் மேலே கண்ட சீரழிவிலே முடிந்தது.

அம்மாதங்களிற் குடும்பங்கள் எவ்வாறு சமாளித்தன? அரசாங்கத்தின் பொறுப்புடைமை அலுவலகம் 2024 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை ஒரு செய்தியைக் கூறுகின்றது. முதல் ஐந்து மாதங்களில் உதவி நிலையத்துக்கு வந்த ஏறத்தாழ 54 இலட்சம் தொலைபேசி அழைப்புகளில் 40 இலட்சம் அழைப்புகளுக்கு விடை கிடைக்கவில்லை. மணிக்கூலிக்கு உழைக்கும் ஒரு தாயை எண்ணிப்பார்ப்போம். மதிய உணவு வேளையிலே அவள் தொலைபேசியைக் காதில் வைத்துக் காத்திருக்கின்றாள், வேளை முடிகின்றது, விடையில்லை. மறுநாளும் அதே கதை. கணக்காளரை அமர்த்தவும் விடுப்பெடுக்கவும் வசதியுள்ள வீட்டிற்கு இத்தாமதம் ஒரு தொல்லை மட்டுமே. அவளுக்கோ ஒவ்வொரு மணித்தியாலமும் கூலியிலிருந்து கழிகின்றது.

பள்ளி ஆலோசகரும் ஆசிரியரும் மாலைகளிலும் வாரவிடுமுறைகளிலும் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி வைத்து, பத்திரத்தை வரிவரியாக நிரப்ப உதவினர். மூத்த பிள்ளைகள் ஆங்கிலம் அறியாத தாய் தந்தையருக்கு மொழிபெயர்ப்பாளராயினர். மே முதலாந் திகதிக்குள் மாணவர் தம் முடிவை அறிவிக்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பல கல்லூரிகள் தளர்த்தின. பலர் எந்தக் கல்லூரியில் எவ்வளவு செலவாகும் என்பதை அறியாமலே முடிவெடுக்க நேர்ந்தது. முதன்முறை விண்ணப்பிப்போரின் தொகை ஏறத்தாழ 9 வீதம் குறைந்ததாக அவ்வறிக்கை கூறும். வறிய குடும்பங்களிலேயே வீழ்ச்சி கூடுதலாயிருந்தது. இவ்வீதத்துக்குப் பின்னால் நிற்பவர்கள், கல்லூரிக்குத் தகுதியிருந்தும் கடைக்கும் பண்டகசாலைக்கும் வேலைதேடிச் சென்ற பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அவர்களை எந்தத் தேர்வும் தோற்கடிக்கவில்லை. காத்திருக்க வைத்தே வெளியேற்றினர்.

பத்திரம் ஒவ்வோராண்டும் ஒக்டோபர் முதலாந் திகதிக்குள் திறக்கப்பட வேண்டும் என 2024 டிசெம்பரிற் சட்டமாயிற்று. வரவேற்கத்தக்கதே. ஆயினும் வாயில் குறித்த வேளையிலே திறந்தாலும், வாயிலில் நின்று வறுமையை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அகலவில்லை. 1944இலே போர்வீரனிடம் கேட்கப்படாத வினாக்கள் தொழிலாளியின் மகளிடம் இன்றும் கேட்கப்படுகின்றன. கல்வி உரிமையாயிருந்த காலத்தில் நியூயோர்க்கின் ஏழை மாணவனுக்குத் தேர்ச்சியே நுழைவுச்சீட்டாயிருந்தது. அது சலுகையாகச் சுருங்கிய பின் சூத்திரமும் சாட்சியும் காத்திருத்தலும் வந்து சேர்ந்தன.

1945 முதல் இலவசக் கல்வியின் பயனை நுகர்ந்து வரும் நாட்டு ஆசிரியரும் மாணவருமாகிய நாம், பிறர் துன்பத்தைத் தூரத்துக் காட்சியாக மட்டும் நோக்குதல் தகாது. 129 ஆண்டுகள் நின்ற உரிமையை ஓர் ஆண்டின் நிதி நெருக்கடி பறித்துச் சென்றது. அவ்வுரிமையை இழந்தோரின் பேரப்பிள்ளைகளே இன்று பத்திரம் நிரப்புகின்றனர். பெற்ற உரிமையைப் பேணுவது, அதனைப் பெறுவதினும் எளிதான பணியன்று என்பதை அவர்களின் அனுபவம் நமக்குக் கற்பிக்கின்றது.