கட்டட மரத்தின் வலிமைச் சோதனை – வரலாறு

வீட்டு விட்டத்துக்கான மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிய, கணு இல்லாத சிறு துண்டை முறித்துப் பார்த்தால் போதுமா, முழு விட்டத்தையே முறிக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில், விட்டத்தின் வலிமை அதன் அகலத்துக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்று காட்டினார். 2 அங்குலத்துக்கு 8 அங்குலச் சட்டத்தைப் படுக்க வைப்பதைவிடக் குத்தாக நிறுத்தினால் நான்கு மடங்கு தாங்குவது இதனால்தான். ஆனால் விகிதம் தெரிந்தால் போதாதே! எத்தனை பவுண்டில் முறியும் என்பதை முறித்துத்தான் அறிய முடியும்.

அதைப் பெரிய அளவில் செய்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன். கப்பல் கட்ட நல்ல மரம் தேடிய கடற்படைக்காக ஓக் மரத்தை ஆராய்ந்த அவர், முதலில் சிறு துண்டுகளைத்தான் சோதித்தார். அடிமரத்தில் எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்தே அவற்றின் வலிமை மாறியது. எனவே 4 முதல் 8 அங்குலச் சதுரமும், 28 அடி வரை நீளமும் கொண்ட முழு விட்டங்களை முறித்துப் பார்த்து, 1740-ஐ ஒட்டி முடிவுகளை வெளியிட்டார். உடனே முறிக்காத பாரமும் மாதக்கணக்கில் நின்றால் முறித்துவிடுவதைக் கண்டு, முறிக்கும் பாரத்தில் பாதிக்குமேல் நிரந்தரமாக ஏற்றலாகாது என்றார். என் மதிப்பில், அவர் செய்தவற்றுள் மிகக் கூர்மையான கவனிப்பு இதுவே.

பின்வந்தோர் எளிய வழிக்குத் திரும்பினர். 1910-இல் அமெரிக்காவின் மாடிசன் நகரில் தொடங்கிய வனப்பொருள் ஆய்வகம், 2 அங்குலச் சதுரமும் 30 அங்குல நீளமும் கொண்ட குறையற்ற துண்டுகளைச் சோதித்தது. 1906-இல் நிறுவப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் இம்முறையையே கையாண்டு, தேக்கை 100 எனக் கொண்டு மற்ற மரங்களை ஒப்பிட்டது. மர இனங்களை ஒப்பிட இது சிறந்த முறை. ஆனால் கடையில் வாங்கும் சட்டத்தில் கணு இருக்கும். கணுவைச் சுற்றி இழைகள் வளைந்து செல்வதால், இழுவிசை ஏற்கும் அடிப்பக்கத்தில் கணு இருந்தால் விட்டம் அங்கேயே பிளக்கும். இதற்காகக் கணுவின் அளவுக்கேற்பக் கணக்கில் கழித்துவந்தனர். அந்தக் கழிவு வெறும் மதிப்பீடே.

1970-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் போர்க் மேட்சன், விற்பனைக்கு வரும் சட்டங்களையே கணுவோடு சோதிக்க வேண்டும் என்று வாதிட்டார். அடுத்துவந்த ஆண்டுகளில் வட அமெரிக்காவில் பல்லாயிரம் சட்டங்கள் முறிக்கப்பட்டன. சராசரியை விட்டு, நூற்றில் ஐந்து சட்டங்கள் மட்டுமே எட்டாத அளவை அடிப்படையாகக் கொண்டனர். 1991-இல் அமெரிக்க வடிவமைப்பு மதிப்புகள் இவற்றின்படி திருத்தப்பட்டன.

ஒருமுறை சோதித்ததோடு வேலை முடியவில்லை. தெற்கத்திப் பைன் சட்டங்களை மீண்டும் முறித்துப் பார்த்தபோது பழைய மதிப்புகள் அதிகம் என்று தெரிந்தது. 2013 ஜூன் முதல் அவை குறைக்கப்பட்டன. அதே பெயரும் தரமும் கொண்ட சட்டத்தை, முன்பைவிடக் குறுகிய இடைவெளிக்கே உத்தரமாகப் போட முடிந்தது.