பெயர் யாருக்குச் சொந்தம்? – ஷனேல் இல்லம் கைமாறிய கதை

பிரான்ஸின் சோமூர் நகரில், ஏழைகளுக்கான மருத்துவ விடுதி ஒன்றில், 1883 ஆகஸ்ட் 19 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பதிவேட்டில் அதன் குடும்பப் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள். ஷனேல் என்று இருக்கவேண்டிய பெயரில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. அதனால் அன்று எவருக்கும் நட்டமில்லை. ஊர் ஊராகச் சென்று சில்லறைப் பொருள் விற்ற ஒருவரின் பெயருக்குச் சந்தையில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? 2018இல் அப்பெயரைத் தாங்கிய நிறுவனம் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கணக்கை வெளியிட்டபோது, முந்தைய ஆண்டின் விற்பனை 962 கோடி டாலர் என்று உலகம் அறிந்தது. அந்நிறுவனத்தின் உடைமையாளர்கள் வெர்தைமர் குடும்பத்தினர். ஷனேல் என்பது அவர்களுடைய பெயரன்று.

காப்ரியேல் ஷனேலைப் பற்றிப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் அவர் தைத்த ஆடைகளைப் பற்றியே படிக்கிறோம். இறுக்கிக் கட்டும் உள்ளாடையிலிருந்து பெண்ணுடலுக்குக் கிடைத்த விடுதலை, 1926இன் எளிய கறுப்பு உடை, முத்து மாலைகள், ட்வீட் மேலங்கி. அவை முக்கியமானவைதாம். ஆனால் நாம் இங்கு பேச விரும்புவது அந்தப் பெயர் கைமாறிய வரலாற்றை. பதிப்புரிமையைச் சொற்பத் தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாளில் தம் நூலையே அந்நியர்போல் கடையில் பார்த்து நின்ற எழுத்தாளர்களின் கதைகள் இலக்கிய வாசகர்களாகிய நமக்குப் புதியவை அல்ல. ஷனேலின் கதை அவற்றுக்கு நெருக்கமானது. ஆனால் அவற்றைவிடச் சிக்கலானது. இதில் வஞ்சிக்கப்பட்டவர் யார், வஞ்சித்தவர் யார் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

தாயை இழந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. கன்னிமாடம் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தார். அந்த ஆண்டுகளை வாழ்நாள் முழுவதும் மறைத்தே பேசினார். ஊசி பிடிக்கத் தெரிந்திருந்தது; சிற்றூர் இசையரங்குகளில் பாடினார்; 'கோகோ' என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. 1910இல் பாரிஸின் கம்போன் தெருவில், 21ஆம் எண் கட்டடத்தில் தொப்பிக் கடை திறந்தபோது, முதலீடு அவருடைய காதலரான ஆர்தர் கபேல் என்ற ஆங்கிலேயருடையது. அடுத்து கடற்கரை நகரங்களான தோவிலிலும் பியாரிட்ஸிலும் கடைகள். முதல் உலகப் போர்க் காலத்தில், ஆண்களின் உள்ளாடைக்கு மட்டுமே பயன்பட்டுவந்த ஜெர்சி துணியில் அவர் பெண்களுக்கு உடை தைத்தார். போர்ப் பஞ்சத்தில் அது கிடைத்தது, விலையும் குறைவு, உடலுக்கும் இதமாக இருந்தது. 1918இல் அதே கம்போன் தெருவின் 31ஆம் எண்ணில் இல்லத்தை நிறுவினார். கபேலிடம் பெற்றதைக் காசு மிச்சமின்றித் திருப்பிவிட்டதாகப் பின்னாளில் பெருமையோடு சொல்லிக்கொண்டார். 1919 டிசம்பரில் கபேல் கார் விபத்தில் இறந்துபோனார். அடுத்த சில ஆண்டுகள் அந்த இல்லமும் அதன் பெயரும் முழுமையாக ஒரே பெண்ணின் கையில் இருந்தன.

1921இல் 'எண் 5' என்ற நறுமணத் திரவியம் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் எர்னஸ்ட் போ. புரட்சிக்கு முந்தைய மாஸ்கோவில் தொழில் பழகியவர். தொடக்கத்தில் ஷனேலின் கடைகளில் மட்டுமே விற்ற அந்தப் புட்டியைப் பெருங்கடைக்குக் கொண்டுவர விரும்பினார், கலேரி லஃபாயெத் அங்காடியின் உரிமையாளர் தியோஃபில் பாதேர். பெரிய அளவில் விற்க வேண்டுமானால் ஆலை வேண்டும், முதல் வேண்டும், விநியோக வலை வேண்டும். இவை மூன்றும் பியர் வெர்தைமர், பால் வெர்தைமர் என்ற சகோதரர்களிடம் இருந்தன. பூர்ஜ்வா என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் அவர்களுடையது. 1924இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெர்தைமர்களுக்கு 70 விழுக்காடு, இருவரையும் அறிமுகப்படுத்திய பாதேருக்கு 20, ஷனேலுக்கு 10.

இன்று இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் கையெழுத்திட்ட நாளில் அது அநீதியாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறோம். அவர் ஒரு காசும் முதலிடவில்லை; நட்டம் வந்தால் அவருக்கு இழப்பில்லை. ஆடை இல்லம் தன் கையைவிட்டுப் போகக்கூடாது என்பதே அவருடைய கவலை. அது ஒப்பந்தத்துக்கு வெளியே, அவருக்கே உரியதாக நின்றது. நறுமணப் பொருள்களுக்கு மட்டும் தன் பெயரைக் கொடுத்தார். அந்தப் புட்டி ஆடை இல்லத்தையே மிஞ்சி வளரும் என்று எதிர்பார்க்காததே அவர் செய்த பிழை. 1930களில் பங்கை உயர்த்தக் கோரி அவர் தொடர்ந்து போராடினார். அவருக்காக வாதாடியவர் ரெனே த ஷாம்ப்ரன். பின்னாளில் விஷி அரசின் தலைமைக்கு வந்த பியர் லவாலின் மருமகன். வழக்குகள் எதையும் மாற்றவில்லை.

1939இல் போர் தொடங்கியதும் ஷனேல் தன் ஆடை இல்லத்தை மூடினார். தையற்பெண்கள் வேலையிழந்தனர். திரவியம் விற்கும் கடை மட்டும் திறந்திருந்தது. ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தபின் அவர் ரிட்ஸ் விடுதியில், ஹான்ஸ் குந்தர் ஃபொன் டிங்க்லாகே என்ற ஜெர்மானிய அதிகாரியின் துணையோடு வாழ்ந்தார். யூதர்களான வெர்தைமர்கள் 1940இல் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தனர். யூதர்களின் சொத்துகள் பறிக்கப்படும் காலம் அது. 1941 மே 5 அன்று, அத்தகைய சொத்துகளைக் கையாண்ட அதிகாரிக்கு ஷனேல் ஒரு கடிதம் எழுதினார். நறுமண நிறுவனம் இன்னும் யூதர்களின் உடைமையாகவே உள்ளது. அவர்கள் அதைக் கைவிட்டுச் சென்றுவிட்டனர். அதன்மீது தனக்கே முன்னுரிமை. இதுதான் அக்கடிதத்தின் சாரம்.

இந்த இடத்தில் நாம் நிற்கத்தான் வேண்டும். பதினேழு ஆண்டுகளாக ஒருவர் தன் பெயருக்காக வாதாடி வந்தார். அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆனால் மனிதர்களைப் பிறப்பைக் கொண்டு சூறையாடுவதற்கென்று இயற்றப்பட்ட சட்டத்தை அவர் தன் வழக்குக்குத் துணையாக அழைத்தார். தொழிற்போட்டியின் கடுமை என்றோ காலத்தின் கோலம் என்றோ இதைக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. அவர் ஜெர்மானிய உளவுத்துறையின் பதிவேட்டில் முகவராக இடம்பெற்றிருந்ததை ஹால் வாகனின் நூல் 2011இல் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தது. அதன்பின் அவரைத் தனியொரு பெண்ணின் வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது கடினமாகிவிட்டது.

கடிதம் பலிக்கவில்லை. வெர்தைமர்கள் முன்யோசனையோடு தங்கள் பங்குகளை ஃபெலிக்ஸ் அமியோ என்ற விமானத் தொழிலதிபரின் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். அவர் யூதரல்லர், அவருடைய தொழிலில் முன்பே அவர்கள் பணம் போட்டிருந்தார்கள். போர் முடிந்ததும் அமியோ நிறுவனத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதற்கிடையில் வெர்தைமர்கள் 'எண் 5'ஐ அமெரிக்காவிலேயே தயாரித்தனர். அதற்குத் தேவையான மல்லிகைச் சாற்றைத் தென்பிரான்ஸின் கிராஸ் நகரிலிருந்து எடுத்துவர, போருக்கு நடுவே தங்கள் ஆளையே அனுப்பினர். பெயரைப் படைத்தவர் எதிரியின் நண்பராக இருந்த ஆண்டுகளில், அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவரிடமிருந்து தப்பியவர்கள்.

1944இல் பாரிஸ் விடுதலையானபோது ஷனேலைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அவர் சுவிட்சர்லாந்து சென்றார். அங்கே சொந்தமாகத் திரவியங்கள் செய்து அமெரிக்க அங்காடிக்காரர்களுக்கு மாதிரி அனுப்பி, வெர்தைமர்களை நெருக்கினார். அவர்கள் 1947இல் உடன்பாட்டுக்கு வந்தனர். உலகெங்கும் விற்கும் ஷனேல் திரவியங்களில் 2 விழுக்காடு அவருக்கு. தங்களைச் சூறையாட முயன்றவருக்கு ஏன் இவ்வளவு? வழக்கு நீதிமன்றம் போனால் போர்க்கால நடத்தை எல்லாம் வெளிவரும். கறை படிவது அவர்மீது மட்டுமல்ல, புட்டியின்மீதும்தான். அந்தப் பெயரால் இரு தரப்பினரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தார்கள் என்றே நாம் ஊகிக்கிறோம்.

1954 பிப்ரவரி 5 அன்று, எழுபது வயதில், அவர் மீண்டும் ஆடைகளைக் காட்சிக்கு வைத்தார். பாரிஸ் பத்திரிகைகள் முகம் திருப்பிக்கொண்டன, அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள். செலவை ஏற்றவர் பியர் வெர்தைமர். அதே ஆண்டில் அவர் பாதேரின் பங்கையும், ஆடை இல்லத்தையும், ஷனேல் என்ற பெயரின் மீதான முழு உரிமையையும் வாங்கினார். பதிலுக்கு ரிட்ஸ் விடுதிச் செலவு முதல் வரி வரை எல்லாவற்றையும் அவருக்காகக் கட்டினார். அன்றுமுதல் ஷனேல், ஷனேல் இல்லத்தில் வேலை பார்ப்பவரானார். பியர் 1965இல் இறந்தார். ஷனேல் 1971 ஜனவரி 10, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிட்ஸில் இறந்தார். அடுத்த காட்சிக்கான ஆடைகள் அப்போது தயாராகிக்கொண்டிருந்தன.

மற்றொரு கதையை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க ஆடைக் கலைஞர் ஹால்ஸ்டன் 1973இல் தன் பெயரை ஒரு பெருநிறுவனத்துக்கு விற்றார். பெயர் கைமாறிக் கைமாறிப் போனது. 1980களில் தான் தைத்த உடைக்குத் தன் பெயரை இடும் உரிமைகூட அவருக்கு இல்லை. 1990இல் இறக்கும்வரை அது திரும்பவில்லை. அவரோடு ஒப்பிட்டால் ஷனேல் நல்வாய்ப்புடையவர். அவர் பெயரை வாங்கியவருக்கு அவரும் தேவைப்பட்டார்.

பின்னர் வந்தது, ஆளில்லாத பெயரைக் காக்கும் காலம். 1974இல் பொறுப்பேற்ற பேரன் அலேன் வெர்தைமர், மலிந்துபோன 'எண் 5'ஐ அமெரிக்க மருந்துக்கடை அலமாரிகளிலிருந்து விலக்கினார். 1983இல் கார்ல் லாகர்ஃபெல்ட் வந்தார். 2019இல் இறக்கும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் இன்னொருவரின் பெயருக்காக வரைந்தார். அவருக்குப் பின் வெர்ஜினி வியார். 2025 அக்டோபரில் மத்தியூ பிளாசியின் முதல் காட்சி. பெயரோடு கைகளும் வேண்டும் என்று உடைமையாளர்கள் உணர்ந்திருந்தனர். 1985 முதல் பொத்தான் செய்பவர்கள், இறகு வேலை செய்பவர்கள் என நலிந்துவந்த பட்டறைகளை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். 2002இல் லெசாஜ் பூத்தையல் இல்லமும் அவ்வாறு வந்துசேர்ந்தது. அக்குடும்பத்து மகன் ழான் பிரான்சுவா 1993இலேயே சென்னையில் தனியாக ஒரு பூத்தையல் பட்டறை தொடங்கியிருந்தார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

அலேன், ஜெரார்ட் சகோதரர்கள் பேட்டி கொடுப்பது மிக அரிது. தங்கள் இல்லத்தின் காட்சிகளுக்கே பின்வரிசையில் வந்து அமர்ந்து போய்விடுவார்கள் என்பார்கள். உலகம் அறிந்த பெயரை உடையவர்கள் தம் பெயரை எதன்மீதும் பொறிக்கவில்லை. பொறிக்கப்பட்ட பெயருக்கு உரியவரோ, வாழ்வின் கடைசிப் பதினேழு ஆண்டுகளும் அதை உடைமையாகக் கொண்டிருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர இடுகாட்டில், ஐந்து சிங்க முகங்கள் செதுக்கிய கல்லின்மேல் காப்ரியேல் ஷனேல் என்று எழுதியிருக்கிறது. அங்கே அது விற்பனைக்கு இல்லை.