எடுத்தாச்சா?

பெரியப்பா போன பிறகு அவருடைய பீரோவை யாரும் திறக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க நகர்த்த வேண்டி வந்தபோதுதான் காலி செய்தோம். பட்டு வேட்டிக்கு அடியில், மல் துணியில் சுற்றி, தோல் உறைக்குள் பொத்தான் போட்டு, ஒரு கேமரா. அந்துருண்டை வாசமும் பூஞ்சை வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. "நீயே வச்சுக்க. பத்திரம்" என்றாள் பெரியம்மா. அந்தப் பத்திரம்தான் அதைப் பாதி கொன்றிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என். முக்கால் கிலோ எடை. கழுத்தில் மாட்டினால் ஒரு படி அரிசியைத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். யாஷிகாவின் பூர்வீகம் ஜப்பானின் நாகானோ. 1949-இல் கடிகார உதிரிபாகங்கள் செய்யத் தொடங்கிய சிறு பட்டறை, 1953-இல் கேமராவுக்கு வந்தது. கல்யாண வீடுகளில் ஸ்டூடியோக்காரர் வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்ப்பாரே, அந்த இரட்டைக் கண் பெட்டிகளில் பலவும் யாஷிகாதான். 1958-இல், ஜெர்மனியின் லைக்காவைப் பார்த்து கேமரா செய்துகொண்டிருந்த நிக்கா நிறுவனத்தை அது வாங்கியது. 1966-இல் முதல் எலெக்ட்ரோ 35. பெரியப்பாவின் மாடல் 1973-இல் வந்தது.

அதன் வேலை எளிது. லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அதன் மின்சுற்று முடிவு செய்கிறது. 500-இல் ஒரு பங்கு வினாடியாகவும் இருக்கலாம், முழுதாக முப்பது வினாடியாகவும் இருக்கலாம். எவ்வளவு என்று நமக்குச் சொல்லாது. வெளிச்சம் மிதமிஞ்சினால் சிவப்பு விளக்கு, போதாவிட்டால் மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான். மஞ்சள் எரிந்தால் கையை ஆட்டக் கூடாது, எதிரில் நிற்பவர்களும் அசையக் கூடாது.

பெரியப்பா சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். 1976-இல் ஊருக்கு வரும் முன் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் சேஞ்ச் ஆலி சந்தில் நாலு நாள் பேரம் பேசி வாங்கியது என்று சொல்வார். எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்தார். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும், படகில் இறங்கி வர வேண்டும். டிரங்குப் பெட்டியில் கோடாலித் தைலமும் நைலான் சேலைகளும் டார்ச் லைட்டும். கேமராவை மட்டும் பெட்டியை நம்பி விடவில்லை. படகில் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினாராம். பிள்ளையைச் சுமந்து வருகிறவர் மாதிரி இருந்தது என்று பெரியம்மா இன்றும் சிரிப்பாள்.

வந்த பிறகு அது பார்த்த உலகம் சிறியது. ஃபிலிம் விலை அப்படி. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த இந்து ஃபிலிம் கிடைக்கும், கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கிடைக்கும். முப்பத்தாறு படச் சுருள் ஒன்று பொங்கலில் தொடங்கி தீபாவளி வரை ஓடும். ஆல்பத்தை எண்ணிப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் இருபது சுருளுக்கு மேல் அது விழுங்கியிருக்காது.

அந்த ஆல்பத்தில் ஒரு விநோதம். எல்லா முகத்திலும் ஒரே பாவம். வாய் லேசாகத் திறந்து, எதையோ கேட்கப் போகிற மாதிரி. சின்ன வயசில் எனக்கு இது புரியவில்லை. இந்த கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இலை இலையாகத் திறந்து மூடுவது. சத்தமே வராது. வேறு சில கேமராக்கள் மாதிரி ‘படக்’ என்று அடிக்காததால் எப்போது எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. "எடுத்தாச்சா?" என்று கேட்க வாயெடுத்த கணத்தில்தான் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் படமாகியிருக்கிறார்கள்.

பிறகு பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு வீடியோக்காரர் வந்தார், கேமரா பீரோவுக்குள் போனது. பேட்டரியோடு போனது. அதுதான் முதல் தவறு.

அடிமூடியைக் காசு வைத்துத் திருகியபோது பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. அந்தக் காலத்து 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. இன்று கடையில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பாதரசப் பொருள்களை ஒழிக்க 2013-இல் நாடுகள் கூடி ஏற்ற ஒப்பந்தத்துக்கு ஜப்பானின் மினமாட்டா ஊரின் பெயர். ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்பைத் தின்ற ஊர் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கேயே தங்கி புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் எடுத்த படங்கள்தான் அந்தக் கொடுமையை உலகத்துக்குக் காட்டின. அதே வருஷங்களில், அதே நாட்டில், பாதரச பேட்டரி போட்டு ஓடும் கேமராவாக இது பிறந்திருக்கிறது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசித்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

முதலில் போன கடையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷோகேஸ்ல வைங்க சார், அழகா இருக்கும்" என்றார்கள். நண்பர்கள் வேறு கேமரா வாங்கச் சொன்னார்கள். எனக்கும் ஆசை வந்தது. பார்வைத் துவாரத்தின் நடுவே மங்கலான மஞ்சள் கட்டம், அதில் ஒரே முகம் இரண்டாகத் தெரிவது, வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாவது. ரேஞ்ச்ஃபைண்டரின் இந்தச் சுகம் பழகியவனை விடாது. ஆனால் 1954-இல் வந்த லைக்கா எம்3-யை இன்று கேட்டால் லட்சத்தில் விலை சொல்கிறார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சல்லிசாகக் கிடைப்பவை சோவியத் கேமராக்கள். அவற்றின் கதை கேமராவை விடச் சுவையானது. உக்ரைனில் கார்கிவ் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்காகக் கல்வியாளர் மக்கரென்கோ நடத்திய தொழில் கம்யூனில் 1934-இல் லைக்காவைப் பார்த்துச் செய்தது ஃபெட். சோவியத் ரகசியப் போலீஸின் முதல் தலைவரான ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். அதன் வழி வந்த ஜோர்க்கி-4 ஒன்றை ஒருவர் காட்டினார். பேட்டரியே வேண்டாம், லென்ஸ் அருமை. ஆனால் ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், மறந்து முன்பே திருப்பினால் உள்ளே பல் உடையலாம். ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகி அதில் ஓட்டை போட்டுவிடும். என் ஞாபக மறதிக்கு அது சரிப்படாது. இன்னொரு வழி கேனனெட் க்யூஎல்17. கைக்கு அடக்கம், பேட்டரி செத்தாலும் நாமே வேகம் வைத்து எடுக்கலாம். புதிதாக வாங்குகிறவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். எலெக்ட்ரோவில் பேட்டரி செத்தால் எல்லாப் படமும் 500-இல் ஒரு பங்கு வினாடிதான்.

இருந்தும் பெரியப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததை விட்டுவிட மனம் வரவில்லை.

தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, கண்ணில் மாட்டும் கடிகாரக்காரர் லென்ஸ், இன்ஜெக்‌ஷன் பாட்டில்களில் வகை வகையாகத் திருகாணிகள். கேமராவை வாங்கியவர் பார்க்கவே இல்லை. காதில் வைத்துக்கொண்டு, ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெல்ல இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"சத்தம் வரல பாத்தீங்களா?"

"என்ன சத்தம்?"

"டக்குன்னு ஒண்ணு வரணும் தம்பி. வரலன்னா உள்ள திண்டு போச்சுன்னு அர்த்தம்."

ஷட்டருக்குச் செய்தி சொல்லும் தண்டு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து ஒரு ரப்பர் துண்டின் மேல் உட்கார வேண்டும். ரப்பர் மிளகு அளவுகூட இருக்காது. அது மக்கிப் பொடியாகிவிட்டால் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, மின்தொடர்பு சரியான நேரத்தில் சேராது, கேமரா தாறுமாறாக எடுக்கும். உலகம் முழுக்க இதற்கு ‘பேட் ஆஃப் டெத்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாவுத் திண்டு. லென்ஸும் பித்தளைப் பல்லும் ஐம்பது வருஷம் தாங்கியிருக்க, காசு பெறாத ரப்பரால் படுத்துவிட்டது.

மூன்று வாரம் வைத்துக்கொண்டார். திண்டுக்கு வயர் இணைப்புக்குப் போடும் ஸ்லீவில் ஒரு துண்டு வெட்டி வைத்தார். பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் நுழையாமல் ஒட்டியிருந்த பஞ்சு, உருகிய தார் மாதிரி ஆகியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கறுப்புக் கம்பளி நூலை வைத்து ஒட்டினார். உப்புப் பூத்த இடத்தை வினிகரால் துடைத்து, அரித்துப்போன வயரை மாற்றிப் பற்றவைத்தார். பாதரச பேட்டரிக்குப் பதில் ஆறு வோல்ட் சிறு பேட்டரி. குட்டையாக இருந்ததால் அட்டைக் குழாயில் சுற்றி, பேனா ஸ்பிரிங் ஒன்றை முட்டுக் கொடுத்தார். மங்கியிருந்த மஞ்சள் கட்டத்தைத் துடைக்க மட்டும் ரொம்ப யோசித்தார். அந்தக் கண்ணாடியின் பூச்சு அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு வந்துவிடும்.

லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை. அதைத் துடைத்துவிட்டார், ஆனால் ஓரத்தில் தடம் நின்றுவிட்டது. "தோல் உறையிலயே வச்சிருந்தா இப்படித்தான். தோல் ஈரத்த விடாது. வெளியில வச்சு, மாசம் ஒரு தடவ நாலு தரம் தட்டியிருந்தா இதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். உறையை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இத வேற எதுக்காவது வச்சுக்குங்க" என்றார். இப்போது அதில் பெரியம்மாவின் மாத்திரைகள் இருக்கின்றன.

பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்திக் காட்டினார். படம் எண்ணும் ஜன்னலில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கை நடுங்கியது.

கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். பெரியம்மா கூடத்துத் தூணருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் கையில் இருப்பதைப் பார்த்ததும் கீரைத்தட்டைத் தள்ளி வைத்து எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து விட்டாள். மஞ்சள் கட்டத்தில் இரண்டு பெரியம்மா தெரிந்தார்கள். வளையத்தைத் திருப்பி ஒருத்தியாக்கினேன். கூடத்தில் சாயங்கால வெளிச்சம், மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் சொல்வதற்கு முன்பே அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் வாய் லேசாகத் திறந்தது.

லீவரை இழுத்தேன். டக்.

கேட்க வந்ததைக் கேட்காமல் பெரியம்மா மூச்சை விட்டாள். முந்தானையைத் தளர்த்திக்கொண்டு கீரைத்தட்டின் முன் உட்கார்ந்தாள். "அவரும் அந்தச் சத்தம் கேட்டப்புறந்தான் உக்கார விடுவாரு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆயத் தொடங்கினாள்.