பசும்பால் காணாத தாய்ப்பால்

பிள்ளை பெத்தவள் பால் குடிச்சாத்தான் பால் ஊறும் என்று மாமியாரும் சொல்வார், நர்ஸம்மாவும் சொல்வார். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தப் பசும்பால் தாய்வழியாக வந்தாலும் ஒத்துக்கொள்வதில்லை. தாய் குடித்த பாலின் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலில் இறங்குகிறது. பிள்ளைக்கு மலத்தில் சளியும் ரத்தமும் போகிறது, உடம்பில் கரப்பான் படர்கிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் இது வருகிறது. வந்தால் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: பால், தயிர், மோர், நெய் எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு விட்டுடும்மா. உடனே வீடே பதறுகிறது. பாலை விட்டால் தாய்க்கு ஏது சத்து?

இந்தப் பதற்றம் யாருடைய பதற்றம்? ஒன்றை விட வேண்டுமென்றால் முதலில் அது கையில் இருக்க வேண்டும். சேரியில் பிள்ளை பெற்றவள் கையில் பால் எப்போது இருந்தது?

1931இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மீது பதினொரு தடைகளை விதித்தார்கள். நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடுகளை மேய்க்க மட்டுமே செய்ய வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. மேய்த்தது நம் பிள்ளை, குடித்தது அவர்கள் பிள்ளை. தஞ்சையில் பண்ணையாளுக்கு ஒரு 'பால்' கொடுத்தார்கள். அது சாணிப்பால். சவுக்கடியோடு சேர்த்துச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டிப் போராடித்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்கள்.

வடக்கேயும் இதே கதைதான். 1928இல் இந்தூர்ப் பகுதியில் பலாய் சாதியினருக்கு விதிக்கப்பட்ட கட்டளைகளை அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். சாதி இந்துப் பெண்களின் பிரசவத்துக்கெல்லாம் பலாய்ப் பெண்கள் போய் வேலை செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. பிள்ளையை வாங்கும் கைக்குத் தீட்டில்லை. அந்தக் கை நெய்யைத் தொட்டால்? ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாராவில் தீண்டப்படாத ஒருவர் யாத்திரை போய் வந்து, தன் சனங்களுக்கு நெய் ஊற்றி விருந்து வைத்தார். நூற்றுக்கணக்கானோர் தடியோடு வந்து சோற்றைப் பாழாக்கி, சாப்பிட உட்கார்ந்தவர்களை அடித்தார்கள். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை எழுதினார். நெய் வாங்கக் காசு இருந்தாலும் நெய் தின்ன உரிமை இல்லை என்பதுதான் அதன் பொருள்.

சுதந்திரம் வந்தது. 1970இல் வெண்மைப் புரட்சியும் வந்தது. கிராமத்துப் பால் நகரத்துக்குப் போனது. ஆனால் சாதி பால் கேனுக்குள்ளும் இறங்கியது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடந்த ஆய்வு 2006இல் நூலாக வந்தது. பால் சங்கம் இருந்த கிராமங்களில் ஏறக்குறையப் பாதியில் தலித்துகள் அங்கே பால் ஊற்ற முடியவில்லை என்று அது சொல்கிறது. நாம கறந்தா பாலும் தீட்டு.

அப்படியானால் நம் அம்மாக்களும் அப்பாயிகளும் எதைத் தின்று பால் கொடுத்தார்கள்? கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, பூண்டு, கருவாடு, கிடைத்த நாளில் பால்சுறா, ஈரல், மாட்டுக்கறி. தாய்ப்பால் ஊறுவது பிள்ளை சப்பச் சப்பத்தான், பசும்பால் குடிப்பதால் அல்ல என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் கால்சியம் உண்டு. செடிகொடியில் கிடைக்காத பி12 சத்து ஈரலிலும் கறியிலும் கிடைக்கிறது. கேவலம் என்று ஒதுக்கப்பட்ட நம் அடுப்படியில்தான் பாலை விட்ட தாய்க்கு வேண்டிய சோறு இருக்கிறது.

இதைச் சொல்லிப் பட்டினியைப் பெருமையாக்கிவிடக் கூடாது. பிள்ளை பெத்த உடம்பு காயும் முன்னே நாற்று நட இறங்கியவர்கள் அவர்கள். ரத்தம் சுண்டி, பால் வற்றி, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். பால் மறுக்கப்பட்டது கொடுமைதான். பிள்ளைக்காகத் தாய் தானே பாலை விடுவது வேறு, விடவைக்கப்படுவது வேறு.

இன்று டாக்டர் பாலை நிறுத்தச் சொன்ன தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, பிறகு டாக்டரைக் கேட்டு மறுபடி சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் பால்தானா என்று உறுதியாகும். பிள்ளை அழுதாலே பால்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். பயந்துபோய்த் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டப்பாப் பாலுக்குப் போகவும் வேண்டாம். கடையில் விற்கும் டப்பாப் பாலில் பெரும்பாலானது பசும்பாலிலிருந்து செய்வதுதானே. அந்த டப்பாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாதென்று 1992இலேயே சட்டம் வந்திருக்கிறது.

ஆனால் பாலை விட்டவளுக்கு வேறு சத்து வேண்டும். அங்கேதான் சட்டம் வேறு ரூபத்தில் வருகிறது. மகாராஷ்டிரத்தில் 2015இல் காளை, எருது அறுப்பதற்கும் தடை வந்தது. ஏழைத்தாய்க்கு மலிவாகக் கிடைத்த கறி பறிபோனது. அன்று நெய்யைத் தட்டிவிட்டார்கள், இன்று கறியைத் தட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் எதைத் தின்பது, எதை விடுவது என்பதை அவளும் அவள் உடம்பும் முடிவு செய்யட்டும். ஊர் முடிவு செய்த காலம் போதும்.