'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்றால் என்ன? கறுப்பினப் பெண்களின் எழுத்து இந்திய உச்ச நீதிமன்றம் வரை வந்தது எப்படி?

பெண் என்பதால் பாகுபாடு காட்டினால் கேட்க சட்டம் இருக்கு. நிறத்தைக் காட்டி ஒதுக்கினால் அதைக் கேட்கவும் சட்டம் இருக்கு. ஆனா, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் மீது விழுந்தால்?

அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1976-ல் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான், இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லுக்கு ஒரு காரணம்.

அந்த வழக்கில் என்ன நடந்தது?

ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது எம்மா டிகிராஃபன்ரீட் உள்ளிட்ட 5 கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1964-க்கு முன்பு அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பொருளாதார மந்தம் வந்ததும் சீனியாரிட்டி அடிப்படையில் ஆட்குறைப்பு நடந்தது. கடைசியாக வந்தவர்கள் முதலில் வெளியே. கடைசியாக வந்தவர்கள் யார்? அதே கறுப்பினப் பெண்கள்தான். 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போனது.

நிறுவனம் ஏற்கெனவே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பெண் என்பதற்கான பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அந்தப் பெண்கள் வெள்ளையர்கள் என்பது கணக்கில் வரவில்லை. நிறப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மீது நடக்கும் இன்னொரு இனப்பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்றது. ஆனால் இனம், பாலினம் இரண்டையும் சேர்த்து 'கறுப்பினப் பெண்கள்' என்று தனியாக ஒரு வகையைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை என்று கைவிரித்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் சீனியாரிட்டி விஷயத்தில் அந்தப் பெண்களுக்குச் சாதகமாக எதுவும் கிடைக்கவில்லை.

கிரென்ஷா சொன்ன நாற்சந்தி

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய கட்டுரையில் இந்தத் தீர்ப்பை அக்குவேறு ஆணிவேராகப் பிரித்துப் போட்டார். அதில் அவர் சொன்ன உதாரணம் ரொம்ப எளிமையானது.

ஒரு நாற்சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவர் மீது எந்தத் திசையில் இருந்தும் வண்டி மோதலாம், ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தில் இருந்தும் மோதலாம். எந்த வண்டியால் எந்தக் காயம் என்று அடிபட்டவரால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரித்துச் சொன்னால்தான் சிகிச்சை என்றால் என்ன ஆகும்? நீதிமன்றம் செய்தது அதைத்தான் என்றார் கிரென்ஷா. நாற்சந்திக்கான ஆங்கிலச் சொல்லில் இருந்தே 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' வந்தது. தமிழில் குறுக்குவெட்டுத்தன்மை என்கிறார்கள். நாற்சந்தி என்று சொன்னாலே பாதி புரிந்துவிடும்!

இது அவருடைய கண்டுபிடிப்பா?

சொல் அவருடையது. சிந்தனை பழையது. அடிமையாகப் பிறந்து ஆசிரியரான அன்னா ஜூலியா கூப்பர் 1892-லேயே கறுப்பினப் பெண்ணின் நிலை பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். ஆனால் இந்தச் சிந்தனைக்கு அரசியல் வடிவம் கொடுத்தது, பாஸ்டன் நகரில் 1974-ல் தொடங்கிய 'காம்பஹீ ரிவர் கலெக்டிவ்' என்ற சிறிய குழு.

காம்பஹீ என்பது தெற்கு கரோலினாவில் உள்ள ஓர் ஆறு. உள்நாட்டுப் போரின்போது, 1863-ல், ஹேரியட் டப்மன் முன்னின்று நடத்திய தாக்குதலில் 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் அங்கே மீட்கப்பட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர். பார்பரா ஸ்மித், அவரது சகோதரி பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃப்ரேசியர் மூவரும் எழுதிய குழுவின் அறிக்கை 1977-ல் வந்தது. இனம், பாலினம், வர்க்கம், பாலீர்ப்பு என ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் எதிர்த்துப் போராட முடியாது என்பதே அதன் சாரம்.

இது வெறும் தத்துவம் இல்லை என்பது இரண்டே வருடத்தில் தெரிந்தது. 1979-ன் முதல் சில மாதங்களில் பாஸ்டனில் 12 கறுப்பினப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். நிறவெறிதான் காரணம் என்று கூட்டங்களில் பேசினார்கள், ஆண்கள் பாதுகாக்க வேண்டும் என்றார்கள். கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள் என்பது பேச்சில் வரவே இல்லை. காம்பஹீ குழு ஒரு துண்டுப் பிரசுரம் போட்டது. தலைப்பிலேயே 6 பெண்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வி. கொலைகள் கூடக் கூட, தலைப்பில் இருந்த எண்ணையும் திருத்தித் திருத்தி மறுபடி அச்சிட வேண்டியிருந்தது.

சொந்த அச்சகம் எதற்கு?

எழுதினால் மட்டும் போதாது, யாராவது அச்சில் வைத்திருக்க வேண்டும். சோரா நீல் ஹர்ஸ்டன் கதை இதற்குச் சாட்சி. 1937-ல் முக்கியமான நாவல் எழுதியவர், 1960-ல் புளோரிடாவில் ஏழையாக இறந்தார். கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 1973-ல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், ஹர்ஸ்டனின் மருமகள் என்று சொல்லிக்கொண்டு விசாரித்து, இடுப்பளவு புதருக்குள் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து கல் நட்டார். 1975-ல் வாக்கர் அதைக் கட்டுரையாக எழுதிய பிறகுதான் ஹர்ஸ்டன் மறுபடி வாசிக்கப்பட்டார். இன்று அவர் அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம்.

பின்னாளில் நோபல் வாங்கிய டோனி மாரிசன், ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் எடிட்டராக இருந்து ஏஞ்சலா டேவிஸ், கெய்ல் ஜோன்ஸ் போன்றவர்களின் புத்தகங்களைக் கொண்டுவந்தார். கவிஞர் ஆட்ரி லோர்ட் கொடுத்த யோசனையில் பார்பரா ஸ்மித் 1980-ல் தொடங்கியது 'கிச்சன் டேபிள்' பதிப்பகம். சமையலறை மேசையில் உட்கார்ந்துதானே பெண்கள் பேசுகிறார்கள், வேலை செய்கிறார்கள் என்று அந்தப் பெயர்.

இன்று என்ன நிலை?

2015-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் அந்தச் சொல் சேர்ந்தது. எதிர்ப்பும் கூடவே வந்தது. 2023-ல் அமெரிக்கப் பள்ளிகளுக்கான ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆய்வுப் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது கிரென்ஷா உட்படப் பலரின் பெயர்கள் காணாமல் போயின. அதற்கு அடுத்த வருடமே கலிஃபோர்னியா, பல அடையாளங்கள் சேர்ந்ததால் காட்டப்படும் பாகுபாடும் சட்டவிரோதமே என்று வெளிப்படையாகச் சட்டம் போட்டது. டிகிராஃபன்ரீட் கேட்டது இதைத்தான். இடையில் 48 வருடங்கள்.

இந்தியாவில்?

ஆந்திராவில் பார்வையற்ற பட்டியலினப் பெண் ஒருவர் 2011-ல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். இந்த 'பட்டான் ஜமால் வலி' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய தீர்ப்பு காம்பஹீ அறிக்கையையும் கிரென்ஷாவையும் குறிப்பிட்டது. சாதி, பாலினம், மாற்றுத்திறன் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்றது. ஆயுள் தண்டனை உறுதியானது.

ஆனால், எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. சம்பவம் நடந்தபோது இருந்த சட்டப்படி, சாதி 'காரணமாக' குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான சாட்சியம் போதவில்லை. அதாவது, எந்த வண்டி இடித்தது என்று பிரித்துச் சொல்லியே ஆக வேண்டிய நிலை. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரின் சாதி குற்றவாளிக்குத் 'தெரிந்திருந்தாலே' போதும்.