கிளுவையின் உறவும் அநாதை வாங்கிகளும்

வன்னியின் குடிமனைகளுக்கு வேலிமரமாக நிற்கும் கிளுவை, கொமிபோரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினத்து வடஇந்திய மரமொன்றின் பிசினே குக்குலு. சுசுருத சங்கிதை அதனைக் கொழுப்பு நோய்க்கு விதித்திருத்தலைக் கண்ட சத்தியவதி என்பார், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களில் அதனைச் சோதித்து, 1966இல் ஆய்வேடு அளித்தார். முயல்களின் குருதியிற் கொலஸ்திரோல் குறைந்தது. 1987இல் இந்தியாவில் அப்பிசினின் சாறு மருந்தாக ஏற்கப்பட்டது. அது செயற்படும் வகையை விளக்குதற்கு வேண்டிய கருத்து அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

ஓமோனைப் பற்றிக்கொண்டு கலத்தின் கருவினுள் பரம்பரையலகுகளை இயக்கும் புரதங்கள் கருவாங்கிகள் எனப்படும். 1988இல் அமெரிக்க ஆய்வாளர், ஈஸ்திரோசன் வாங்கியை ஒத்த இரண்டு புரதங்களைக் கண்டனர். எந்த ஓமோனும் அவற்றிற்கு உரியதாகத் தோன்றவில்லை. இத்தகையன அநாதை வாங்கிகள் எனப் பெயர்பெற்றன. அப்பெயர் சுட்டியது ஆய்வாளரின் அறியாமையையே. 1995இல் அறியப்பட்ட எவ்.எக்ஸ்.ஆர். என்னும் அநாதைக்கு உரிய பொருள் பித்த அமிலமே என 1999இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் காட்டின.

1996இல் வெளியான எஸ்.எச்.பி.யின் கதை வேறு. அதற்குரிய ஓமோன் இன்னதென இன்றுவரை உறுதியாகவில்லை, டி.என்.ஏ.யைப் பற்றும் பகுதியும் அதற்கில்லை. ஓமோனால் ஏவப்படாத வாங்கியைக் கலம் எவ்வாறு ஆளும்? அதனை ஆக்கும் அளவினால் ஆளுகின்றது. 2000இல் வெளிவந்த இரு ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. ஈரலிற் பித்த அமிலம் மிகும்போது எவ்.எக்ஸ்.ஆர். எழுந்து, எஸ்.எச்.பி.யின் பரம்பரையலகை இயக்கும். பெருகிய எஸ்.எச்.பி., எல்.ஆர்.எச்.-1 என்னும் மற்றோர் வாங்கியை முடக்கும். அதனாற் கொலஸ்திரோலைப் பித்த அமிலமாக்கும் நொதியத்தின் ஆக்கம் குன்றும். எஸ்.எச்.பி.யின் ஆக்கத்திற்கும் அதே எல்.ஆர்.எச்.-1 வேண்டும், ஆதலின் எஸ்.எச்.பி. தன் ஆக்கத்தையும் தானே அடக்கிக்கொள்கின்றது. நிறைந்த குளத்தின் வான்கதவு, நீர் வடிந்ததும் தானே மூடிக்கொள்வது போன்றது இது.

குக்குலுவின் கதையும் இங்கே வந்து சேர்ந்தது. அதிலுள்ள குக்குல்ஸ்தெரோன் எவ்.எக்ஸ்.ஆரைத் தடுப்பதாக 2002இல் அறிவிக்கப்பட்டது. தடை நீங்கிய நொதியம் கொலஸ்திரோலைக் கரைக்குமென்பது எதிர்பார்ப்பு. ஆனால் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் மருந்து அல்லது வெறுமாத்திரை கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வந்தபோது, மருந்து உண்டோரின் தீய கொலஸ்திரோல் சிறிது உயர்ந்தே இருந்தது. பொறிமுறை அழகாக இருந்தமையே பலரை அவசரப்படுத்தியது எனலாம். வேலியிற் கிளுவையைக் கண்டு, உறவுமுறையால் அதற்கும் அக்குணமுண்டெனக் கூறுவோர் இம்முடிவையும் படித்தல் வேண்டும்.